எருசலேமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் கிடைத்தது. பாடகர் குழுப் பையன்கள் சினிமா மெட்டில் பாட்டுக் கட்டுகிறார்கள் என்று மனம் நொந்து எழுதியிருந்தீர்கள். இங்கே நான் கேட்கிறதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

நான் பார்த்துக்கொள்ளும் தாத்தா சிரியாவின் அலெப்போவில் பிறந்தவர். பனிக்காலத்தில் வெள்ளி இரவு கழிந்து மூன்று மணிக்கெல்லாம் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அதேஸ் ஜெப ஆலயத்துக்குத் தள்ளிக்கொண்டு போவேன். அலெப்போ யூதர்களுக்காக 1901-ல் கட்டியது. குளிர் கடுமைதான்; நீங்கள் வாங்கித் தந்த கம்பளி போதும். உள்ளே இரண்டு பக்கமாகப் பிரிந்து, விடியும்வரை மாறி மாறிப் பாடுகிறார்கள். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள் என்பதால் வாத்தியம் கிடையாது. வார்த்தை எபிரேயம், ராகம் அரபு. மகாம் என்பார்கள். அந்தந்த வாரத்து வேதபாகத்துக்கு ஏற்றபடி மகாம் மாறும். ஹிஜாஸ் என்று ஒன்று. அதன் கீழ் நாலு சுரம் அப்படியே நம் மாயாமாளவகௌளை ராகம்!

இஸ்ரவேல் நஜாரா என்று ஒரு ரபி, அதாவது யூத மதகுரு. துருக்கி, அரபு, ஸ்பானியப் பாட்டு மெட்டுகளில் தேவனுக்குப் பாட்டுக் கட்டி, 1587-ல் கலிலேயாவிலுள்ள சாபேத் ஊரில் அச்சிட்டார். காதல் பாட்டு மெட்டு ஜெபத்துக்கு ஆகுமா என்று அப்போதே கண்டித்தார்கள். அவருடைய 'யா ரிப்போன்' பாட்டு இன்றும் ஓய்வுநாள் பந்தியில் ஒலிக்கிறது. எகிப்தின் சினிமா, கச்சேரிப் பாடகி உம் குல்தும் பாடிய மெட்டிலும் ஜெபம் சொல்கிறார்கள். தலைமை ரபியாக இருந்த ஓவதியா யோசேப்பே அரபு மெட்டு ஆகும் என்று தீர்ப்பு எழுதினார். நம் வேதநாயக சாஸ்திரியாரும் தஞ்சாவூர்க் கச்சேரி ராகங்களில்தானே கீர்த்தனை பாடினார்? பையன்களைத் தள்ளிவிடாதீர்கள் அப்பா. வார்த்தை மெட்டில் உட்காருகிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொடுங்கள். அதற்கு உங்களை விட்டால் அங்கே யார்?

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கோதுமை உருண்டைக்குள் கறி வைத்துக் குப்பே செய்வார்கள். ஆனாலும் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கனவில் வருகிறது. ஹிஜாஸ் இழுக்கும்போது உங்கள் ஆர்மோனியம் கேட்கிற மாதிரி இருந்து, கண் நிறைந்துவிடும். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், வேறு ஒன்றுமில்லை. அடகு வைத்த வளையலுக்கு வட்டி மட்டும் கட்டிவையுங்கள், ஈஸ்டர் கழிந்து மூட்டிவிடலாம். தங்கச்சியைப் பார்த்துப்போன மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு ராஜன் மாமா விசாரித்து வரும்வரை வாக்குக் கொடுக்க வேண்டாம். மேலவீட்டு அத்தையிடம் வாங்கிய ஐயாயிரத்தை முதலில் கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கும் செலவு இருக்கிறது.

உங்கள் அன்பு மகன்,
செல்வின்