கிராங்கைக் கழற்றும் முன் மீட்டர் மாட்டிப் பார்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா மகளுக்கு வரன் அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், தேதி குறித்ததும் சொல். கஜா புயலுக்கு அப்புறம் நாங்கள் வைத்த தென்னம்பிள்ளைகள் இப்போது பாளை விட்டுக் காய்க்கின்றன. 2018இல் அந்தத் தோப்பு கிடந்த கிடையைப் பார்த்தவன் நீ, அவசியம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

சரி, டிராக்டருக்கு வருகிறேன். என்ஜின் சூடானதும் ஐடிலிங்கில், அதாவது ரேஸ் கொடுக்காமல் சும்மா ஓடும்போது, ஆயில் லைட் எரிகிறது, ரேஸ் கொடுத்தால் அணைகிறது, மெக்கானிக் கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் என்று எழுதியிருந்தாய். மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைத் தாண்டி உங்கள் பக்கம் வரும் நேரத்தில் என்ஜினைப் பிரித்துப் போட்டால் சேறடிக்கும் தொழி உழவுக்கு வாடகை வண்டி தேடித்தான் அலைய வேண்டும். அதற்காக லைட் எரிய எரிய கூண்டு மாதிரி இருக்கும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலை மாட்டிச் சேற்றில் இறக்கிவிடாதே, அது அதைவிடப் பெரிய செலவு.

அந்த லைட், ஆயில் பிரஷர் எவ்வளவு என்று சொல்லாது. பிளாக்கில் இருக்கும் சுவிட்ச், பிரஷர் சுமார் 5, 7 பிஎஸ்ஐக்குக் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கினால் ஒயரை எர்த்தோடு சேர்க்கும், அவ்வளவுதான் அதன் வேலை. என்ஜினை நிறுத்தி, சுவிட்சிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சாவியைப் போடு. அப்போதும் லைட் எரிந்தால் ஒயர் எங்கேயோ தோலுரிந்து பாடியில் படுகிறது. உன் வண்டியில் ரேஸ் கொடுத்தால் அணைவதால் அதற்கு வாய்ப்பு குறைவு, ஆனாலும் பார்த்துவிடு.

அப்புறம் டிப் ஸ்டிக்கை உருவி அளவை மட்டும் பார்க்காமல், ஆயிலை விரலில் தேய்த்து மோந்து பார். ஊற்றாமலே அளவு ஏறியிருந்து, தண்ணியாக வழிந்து, டீசல் வாடையும் அடித்தால், பழைய வண்டிகளில் பெரும்பாலும் டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்து டீசல் சம்புக்குள், அதாவது என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டிக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். டயாஃப்ரத்தையும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினாலே பிரஷர் திரும்பிவிடலாம். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட்டே செய்யாதே.

இதெல்லாம் சரியாக இருந்தால் சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் ஆயில் பிரஷர் மீட்டரை மாட்டு. ஐடிலிங்கிலும் வேலை செய்யும் ஆர்பிஎம்மிலும், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, நன்றாகச் சூடேறியதும் ஒரு தடவை ரீடிங் எடு. மேனுவலில் போட்டிருக்கும் அளவோடு ஒத்துப் போனால் கெட்டது சுவிட்ச்தான். சூட்டில் ஐடிலிங்கில் மட்டும் விழுந்து ரேஸில் நன்றாக ஏறினால் கிராங்க் சுழலும் பேரிங் தேய்ந்திருக்கலாம், மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எந்த ஆர்பிஎம்மிலும் ஏறவே இல்லை என்றால் ஆயிலை உறிஞ்சும் இடத்தில் இருக்கும் சல்லடையான ஸ்ட்ரெய்னரில் அடைப்பு, அதிகப் பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங், ஆயில் பம்ப் கியர் என்று வரிசையாகப் பார்க்கச் சொல். எப்படியும் சம்பை இறக்கும்போது ஒரு பேரிங் கேப்பையாவது கழற்றிக் காட்டச் சொல்லி நீயே பார். கிராங்கில் நகம் ஓட்டினால் தட்டுப்படுகிற கோடு இருந்தால் கிரைண்டிங் செய்து, தேய்த்துச் சிறுத்த அளவுக்கு ஏற்ற அண்டர் சைஸ் பேரிங் போட வேண்டியதுதான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கெட்டி ஆயில் ஊற்றி லைட்டை அணைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. லைட் அணையும், தேய்மானம் உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜினின் மேலே இருக்கும் ராக்கர் வரை ஆயில் ஏறவும் நேரமாகும். கீழே இருந்து கட்டையில் தட்டுவது மாதிரி சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடு.

மீட்டர் என்னிடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மன்னார்குடி வரும்போது கொண்டு வருகிறேன். உன் வண்டித் துளையின் மரை ஒத்து வருமா என்று பார்க்கச் சுவிட்சையும் கழற்றி எடுத்து வா. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜா