மலைக்குப் புளிசாதம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

கோவை அருகே ஏழு மலை ஏறிப் போகும் வெள்ளியங்கிரி மலையேற்றம் பற்றிய உங்கள் செய்தியில் கைத்தடி, டார்ச் எல்லாம் இருந்தது. சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

58 வயதில் முதல்முறை ஏறியபோது, மூன்று அடுக்குத் தூக்குச்சட்டியில் புளிசாதமும் தயிர்சாதமும் கொண்டுபோனேன். மூன்றாவது மலையிலேயே தோள் கழன்றுவிட்டது, தயிரும் புளித்துவிட்டது. வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தானே, அதையா ஏழு மலைக்கும் சுமப்பது?

இப்போது என் பையில் இருப்பது புளி அவல். கெட்டி அவலை வறுத்து ரவையாக உடைத்து, கெட்டியாகக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், வறுத்த வேர்க்கடலை, உப்பு சேர்த்துப் பிசறி வைப்பேன். ஒருவேளைக்கு இரண்டு கைப்பிடி. மேலே சுனைத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் மூடி வைத்தால் பொலபொலவென்று ஊறிவிடும். காட்டில் அடுப்பு மூட்டவும் கூடாது, தேவையும் இல்லை. நடக்கும்போது வாயில் போட நாலு கடலைமிட்டாய். 100 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 570 கலோரி. அதே எடைச் சோற்றில் 130தான். அப்புறம், வியர்வைக்கு ஈடாக உப்பில் ஊறிய நெல்லிக்காய். (பிஸ்கட் வேண்டாம், தாகம்தான் எடுக்கும்.)

அடிவாரத்தில் பிளாஸ்டிக் சோதனை உண்டு. அதனால் நான் எல்லாவற்றையும் துணிப்பையில் முடிந்துகொள்கிறேன். அங்குள்ள கடைக்காரர்கள் கடலைமிட்டாயைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். உங்கள் நிருபர் அடுத்தமுறை போகும்போது அவர்களிடம் இதைக் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பொள்ளாச்சி