மயக்கத்தில் எடுத்த அளவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டு உயிரியல் பூங்கா ஒன்றின் கொரில்லாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். "தூக்க ஊசி போட்டு ஸ்கேன் செய்ததில் குரங்கின் இதயம் முழு நலத்துடன் இருப்பது உறுதியாயிற்று" என்ற அதன் கடைசி வரி நான்கு நாட்களாக என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் 31 ஆண்டுகள் அறுவை அரங்கில் மயக்க மருத்துவர்களின் பக்கத்தில் நின்று பணியாற்றிய செவிலி.

மயக்கம் வேறு, தூக்கம் வேறு என்பது தாங்கள் அறியாததல்ல. கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். விலங்குகளை அடக்கக் கொடுக்கும் மெடெட்டோமிடின் இரத்தக் குழாய்களை இறுக்கித் துடிப்பைக் குறைப்பதால், அந்நேரத்தில் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தால் நல்ல இதயமும் தளர்ந்துபோனதாகத் தெரியக்கூடும். ஐசோஃபுளூரேன் என்ற மயக்க வாயுவோ குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கிவிடும் என்பதால், நாள்தோறும் உயர் அழுத்தத்தோடு வாழும் விலங்கின் அளவும் அன்று குறைவாகவே காட்டும். ஊசித் துப்பாக்கியைக் கண்டு மிரண்ட மிரட்சியும் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது. இத்தனைக்கும் நடுவில் எடுத்த ஓர் அளவைக் கொண்டு "உறுதியாயிற்று" என்று எப்படி எழுத முடிந்தது?

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த மருத்துவமனையில், குளச்சல் பக்கத்து மீனவர் ஒருவருக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. வார்டில் 170 இருந்த அவருடைய மேல் அழுத்தம் மயக்கம் கொடுத்த சில நிமிடங்களில் 105-க்கு இறங்கியது. குறிப்புத் தாளில் அந்த 105 மட்டுமே ஏறியது. அதை நம்பி வார்டில் அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். நான்காம் நாள் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோயிற்று. "எல்லாம் சரியா இருக்குன்னுதானே சொன்னிய, சிஸ்டர்?" என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. தலை சுற்றுகிறது என்று வாய்விட்டுச் சொல்லக்கூடிய மனிதருக்கே இந்தக் கதி என்றால், சொல்லத் தெரியாத உயிரின் நிலையைத் தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிம்பன்சி ஒன்று இறந்த செய்தியில் முன்பொரு முறை "மாரடைப்பு" என்று போட்டிருந்தீர்கள். நம்மைப்போல இரத்தக் குழாய் அடைத்துக்கொள்வதைவிட, இதயத் தசையிலேயே நார்த்தழும்பு படர்ந்து இறுகுவதுதான் மனிதக் குரங்குகளிடம் அதிகம் காணப்படுவது என்று அப்போதே கடிதம் எழுதினேன். அது அச்சேறவில்லை. கூண்டில் வளரும் முதிர்ந்த மனிதக் குரங்குகளின் இறப்புக்கு இதய நோயே முதன்மைக் காரணம் என்பதற்காகவே, அமெரிக்காவின் அட்லாண்டா உயிரியல் பூங்காவை மையமாகக் கொண்டு 2010-இல் தனித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டு, பல பூங்காக்களின் எக்கோ பதிவுகள் திரட்டப்படுகின்றன. ஆண் கொரில்லாக்களிடம் இந்நோய் மிகுதி. தாங்கள் நலம் என்று எழுதியதும் ஓர் ஆண் கொரில்லாவைத்தான்.

மயக்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை; பல் பிடுங்கவும் முழு உடலைச் சோதிக்கவும் அது வேண்டும். ஆனால் நோயுற்ற இதயத்துக்கு மயக்க மருந்தே ஆபத்தாகலாம் என்பதால், சில பூங்காக்களில் பழத்துண்டு கொடுத்துப் பழக்கி, கொரில்லா தானாகவே கம்பிவலையில் மார்பை வைத்து நிற்க, விழித்திருக்கும்போதே எக்கோ எடுக்கிறார்கள். 2021-இல் ஜெர்மனியிலிருந்து மைசூருக்கு வந்த கொரில்லாக்களைப் பேரனோடு போய்ப் பார்த்தபோது, ஒன்று எங்களை நோக்கி நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருந்தது. அவ்வளவு பொறுமையுள்ள உயிருக்கு இதைப் பழக்க முடியும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. மயக்கத்தில்தான் எடுக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் அதே மருந்தைக் கொடுத்து, அதே அளவு நேரம் கழித்து எடுத்தால்தான் சென்ற ஆண்டின் பதிவோடு ஒப்பிட முடியும்.

ஆகவே, அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இனி இத்தகைய செய்திகளில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்தால் நல்லது. இக்கடிதத்தையும் முன்னதைப்போல ஒதுக்கிவிட்டாலும், "தூக்க ஊசி" என்ற சொல்லையாவது "மயக்க மருந்து" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்