ஒன்பதாம் வசனத்தோடு நின்றுவிடுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். கிருபையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் சத்தமாக வாசித்தோம். தேவன் நம்மை ஏற்றுக்கொள்வதற்கு நம்முடைய தகுதி காரணம் அல்ல என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. கட்டுரை முடிந்த இடம்தான் மனதை உறுத்துகிறது.

எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் 8, 9 வசனங்கள் நம் சபைகளில் சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று ஆரம்பித்து, "இது கிரியைகளினால் உண்டானதல்ல" என்பதோடு நிறுத்திவிடுவோம். அந்த நிருபத்தை எழுதிய பவுல் அங்கே நிறுத்தவில்லை. நற்கிரியைகளை, அதாவது நல்ல செயல்களைச் செய்கிறதற்கென்றே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம், அவைகளில் நடக்கும்படி தேவன் முன்னதாகவே அவைகளை ஆயத்தம்பண்ணியிருக்கிறார் என்று அடுத்த வசனத்திலேயே சொல்கிறார். பத்தாம் வசனத்தை மையமாக வைத்து ஒரு முழுப் பிரசங்கம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இதற்குக் காரணம் புரியாமல் இல்லை. என் பெற்றோர் காலத்தில் பிரசங்கம் என்றாலே பெரும்பாலும் கண்டிப்புதான். சினிமா பார்க்காதே, நகை போடாதே, ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காதே என்று ஒரு நீளப் பட்டியல். அதில் தவறியவர்கள் அப்பமும் ரசமும் பெறுகிற திருவிருந்துக்குப் போகவே பயந்தார்கள். அப்படி ஒடுங்கிப் போயிருந்தவர்களுக்குக் கிருபையின் செய்தி மூச்சு கொடுத்தது. அந்தப் பழைய பட்டியல் திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் பட்டியலைக் கைவிட்ட கையோடு, திங்கட்கிழமை எப்படி வாழ்வது என்ற பேச்சையும் கைவிட்டுவிட்டோமே, அதுதான் என் வருத்தம்.

இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறின பணக்கார வரிவசூல்காரன் சகேயுவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள் (லூக்கா 19). இயேசு முதலில் அவனிடம் கணக்குக் கேட்கவில்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றுதான் சொன்னார். சகேயு பணத்தைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே கிருபை அவனைத் தேடி மரத்தடிக்கு வந்துவிட்டது. அப்புறம் அவன் எழுந்து நின்று என்ன சொல்கிறான்? ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய் (நான்கு மடங்காய்)த் திரும்ப. அதற்குப் பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்கிறார் ஆண்டவர். நம் பிரசங்கங்களில் சகேயு மரத்திலிருந்து இறங்குகிறான், எல்லாரும் அல்லேலூயா சொல்கிறோம். எரிகோவில் அன்றைக்குப் பணம் கைமாறியதா என்று யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் பேசினால் கிரியையினால் இரட்சிப்பு என்று ஆகிவிடாதா என்று போதகர்கள் சிலர் தயங்குகிறார்கள். தீத்து 2:11, 12 வசனங்களை அவர்கள் திரும்ப ஒருமுறை வாசிக்க வேண்டும். தெளிந்தபுத்தியும் நீதியும் தேவபக்தியும் உள்ளவர்களாய் வாழும்படி நமக்குப் போதிப்பதே தேவகிருபைதான் என்று அங்கே இருக்கிறது. மத்தேயு 18-ல் ராஜாவினால் பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியக்காரனையும் பாருங்கள். ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அப்படியானால் ஆறு கோடி நாள் கூலி தள்ளுபடி! அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன், நூறு நாள் கூலிக் கடனுக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். ராஜா இலவசமாய் மன்னித்தது உண்மை. அவனை மறுபடியும் கூப்பிட்டு விசாரித்ததும் உண்மை. இரண்டையும் ஒரே பிரசங்கத்தில் சொன்னால்தான் அது முழு உவமை.

ஜெர்மனியில் ஹிட்லர் காலத்தில் போன்ஹோஃபர் என்ற லுத்தரன் போதகர், மன்னிப்பை மட்டும் பேசி வாழ்க்கையைப் பேசாத இந்தப் போக்கைத்தான் 'மலிவான கிருபை' என்று கடிந்துகொண்டார். இரட்சிப்பு கிருபையினால்தான் என்ற லுத்தரின் உபதேசத்தை மறுத்து அவர் பேசவில்லை, அதை அப்படியே நம்பித்தான் பேசினார். 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா நம்மவர். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாயிருந்தவர், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அவர் பேராயராயிருந்த, தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லில் அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட கூலி ஜனங்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையின்மேல் கைவைக்கச் சொல்லி, 'நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை அறிவியாதிருந்தால் எனக்கு ஐயோ' என்று சொல்ல வைப்பாராம். கிருபையை அன்றைக்குப் பெற்றவன் அன்றைக்கே சீஷன். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் அதில் விலக்கு இல்லை.

நம்மிடம் இன்றைக்கு என்ன நடக்கிறது? கல்யாண ஓலை (ஆலயத்தில் சொல்லும் திருமண அறிவிப்பு) வாசிக்கும்போது, வரதட்சணை எத்தனை பவுனுக்குப் பேசி முடித்தார்கள் என்பது ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். பிரசங்க பீடத்திலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஒரே அப்பத்தில் பங்கு வாங்குகிறவர்களைச் சாதி பார்த்துத் தனித்தனிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணுகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஆலயத்துக்குத் தாராளமாகக் காணிக்கை கொடுக்கும். அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்கா காய்ச்சலில் படுத்த நான்கு நாளைக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அக்காவும் அதே சபைதான். கடைசி வரிசையில் உட்காருவார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கிருபையைப் பற்றித்தான். இரண்டு பேரும் கேட்டார்கள்.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுத ஒரு காரணம் உண்டு. ஒரு சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள வட்டாரத்தில்) பல சபைகள் இருக்கும், போதகராகிய ஐயர் எல்லா இடத்துக்கும் ஒவ்வொரு வாரமும் வர முடியாது. சின்னச் சபைகளில் அவருக்கு உதவியாயிருக்கிற உபதேசியாரோ ஒரு வாலிபத் தம்பியோதான் பேசுவார்கள். அவர்களில் பலருக்கு உங்கள் இதழின் பிரசங்கக் குறிப்புகள்தான் கைத்துணை. நீங்கள் ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்தினால் அவர்களும் அங்கேயே நிறுத்துவார்கள்.

ஆகவே வரும் லெந்து நாட்களுக்கு (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்கு) யாக்கோபு நிருபத்திலிருந்து குறிப்புகள் வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரத்துக்கு 5:4, அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட கூலியைப் பற்றிய வசனம். குறிப்பின் கடைசியில், இந்த வாரம் யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்று சபையாரை யோசிக்க வைக்கிற ஒரு கேள்வியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு சபை அங்கத்தினர்,
பாளையங்கோட்டை