எங்கள் வண்டிக்கு வந்த கடிதம் எங்களுக்கு வரவில்லை

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தில் வாகனப் பாதுகாப்பைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தரும் "ரீகால்" பற்றி, காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு செட்டிநாட்டு ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எட்டுப் பேர் உட்காரும் வேன் ஒன்று இருக்கிறது. 2014 மாடல். 2018-இல் கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். ஒரு காலத்தில் வில்வண்டி நின்ற பின்கட்டுக் கொட்டகையில்தான் இப்போது அது நிற்கிறது.

எங்கள் பக்கத்து வீடுகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லைக் கதவு என்று நீளும். வருடத்தில் பாதி நாள் ரெண்டு பேர், மூன்று பேர்தான் இருப்போம். ஒரு கல்யாணம், அறுபது எண்பது வயதுச் சாந்தி, கோயில் காரியம் என்றால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எல்லோரும் வந்து இறங்குவார்கள். அப்போது பிள்ளையார்பட்டிக்கும் வைரவன்பட்டிக்கும் இளையாத்தங்குடிக்கும் போய்வர இந்த வேன்தான். தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகும் எங்கள் ஆட்களுக்குப் பின்னால் தண்ணீரும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று ஊர்ந்து போவதும் இதுதான். மற்ற நாட்களில் என் ஆத்தாவை முழங்கால் வைத்தியத்துக்குக் கூட்டிப்போகும். ஆத்தாவுக்கு 81 வயது. காரில் குனிந்து ஏற முடியாது. வேனில் பக்கக் கதவைத் தள்ளிவிட்டு, ஒரு மணையைப் போட்டால் ஏறிக்கொள்வார்.

இந்த வண்டியில் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் குறையும். டிரைவர் அண்ணன் ஒரு சின்ன டப்பா வாங்கி ஊற்றி வைப்பார். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒருமுறை மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி வாஷர் கிட் மாற்றினோம். இன்னொருமுறை பின்சக்கரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். அப்புறமும் ஆயில் குறைந்தது.

2025 ஜூன் மாதம் குன்றக்குடியிலிருந்து திரும்பும்போது பிரேக் மிதி பாதிவரை இறங்கித்தான் பிடித்தது. அண்ணன் மெதுவாக ஓட்டி நேரே ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டார். மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சை அடித்து என்னைக் கூப்பிட்டார். "ஆச்சி, இங்க வந்து பாருங்க."

முன்சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸ். சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. கறுப்பு ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து, உள்ளே இருக்கும் வெள்ளை நூல் பின்னல் வெளியே தெரிந்தது. அந்த நூலின் நுனியில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் நின்றது. பக்கத்திலேயே ஒரு தகட்டின் விளிம்பு, சாணை பிடித்த அரிவாள்மணை மாதிரி பளபளவென்று இருந்தது. வண்டியை ஒடிக்கும்போதெல்லாம் அந்த விளிம்பில் இந்தக் குழாய் உரசியிருக்கிறது. "இது வயசாகித் தேஞ்சதில்ல ஆச்சி. கிளாம்ப் வச்ச எடமே தப்பு. வாங்குன நாள்லேர்ந்து உரசிக்கிட்டுதான் இருந்திருக்கும்" என்றார்.

விஷயத்தைச் சென்னையில் இருக்கும் என் தம்பி மகனிடம் சொன்னேன். அவன் ஆர்.சி.யில் இருந்த சேஸிஸ் நம்பரைக் கேட்டு வாங்கி, வண்டி தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தான். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டான். "அயித்தை, இந்த நம்பருக்கு ஒரு ரீகால் பாக்கி இருக்கு. 2016-லேயே அறிவிச்சிருக்காங்க. பிரேக் ஹோஸும் கிளாம்ப்பும் இலவசமா மாத்தணுமாம்."

2016. நாங்கள் வாங்குவதற்கு ரெண்டு வருடம் முன்பு. கம்பெனி கடிதம் போட்டிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அது முதலில் வாங்கியவருடைய பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. அவர் அதற்குள் வீடு மாறிவிட்டார். அவரிடம் கேட்டேன், அப்படி ஒரு கடிதத்தைப் பார்த்ததே இல்லை என்றார், நம்புகிறேன்.

அப்புறம் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். "வண்டி ஏழு வருஷம் தாண்டிடுச்சு, இனிமே அது செல்லாது" என்றுதான் முதல் பதில். தலைமை அலுவலகத்துக்கு நாலு மெயில் போட்ட பிறகு சரி என்றார்கள். பாகம் வர ஏழு வாரம். அதுவரை வேன் கொட்டகையைவிட்டு நகரவில்லை, ஆத்தாவை ஆட்டோவில்தான் கூட்டிப்போனேன். கடைசியில் வேலை முடிய ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. காசு வாங்கவில்லை. 2016 அறிவிப்புக்கும் அன்றைக்கும் நடுவில் ஒன்பது தைப்பூசம் போயிருக்கிறது.

எங்கள் வண்டி சரியாகிவிட்டது. அதனால் இந்த மடல் எங்கள் வண்டிக்காக அல்ல. அந்த ஏழு வருடத்தைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க வேண்டும்.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தீர்கள். வண்டியில் இருக்கும் குறை ஓட்டுபவருக்கோ, உட்கார்ந்திருப்பவருக்கோ, சாலையில் போகும் மற்றவருக்கோ தீங்கு செய்யும் என்றால் அந்த வகை வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசு உத்தரவிடலாம். கம்பெனி பழுது நீக்க வேண்டும், இல்லை வேறு வண்டி தர வேண்டும், இல்லை பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நல்ல சட்டம். அதில் வண்டியின் வயதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின் 127சி விதியில்தான் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டி என்ற வரம்பு வந்தது. வண்டி கம்பெனிகளின் சங்கமான சியாம் 2012-இல் தானாகக் கொண்டுவந்த நெறிமுறையில் இருந்த அதே ஏழு வருடம்.

சொந்த வண்டிக்கு 15 வருடம் பதிவு தருகிறீர்கள். தகுதியைப் பார்த்து அதற்கு மேலும் நீட்டித்துத் தருகிறீர்கள். பதினான்காவது வருடத்திலும் இன்ஷூரன்ஸ் கட்டச் சொல்கிறீர்கள், புகைச் சான்று கேட்கிறீர்கள். எல்லாம் சரி. அந்த வண்டிக்குள் இருப்பவர்களின் உயிருக்குப் பொறுப்பு மட்டும் ஏழாவது வருடத்தோடு எப்படி முடியும்?

இன்னொன்று. வயது ஏற ஏறத்தான் பல குறைகள் வெளியே வரும். ரப்பர் நாளாக நாளாகத்தான் இறுகும், உரசி உரசித்தான் நூல் தெரியும். உலகத்திலேயே பெரிய ரீகாலான, ஜப்பானின் தகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக் விவகாரமும் அப்படித்தான். பையை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் இருந்து கெட்டுப்போய், விபத்து நேரத்தில் அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கூட்டின் துண்டுகளை முகத்தில் அடித்தது. புது வண்டியைவிடப் பழைய வண்டியில்தான் ஆபத்து அதிகம். வெப்பத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஏழு வருட வரம்பு, பாதுகாப்பு எப்போது அதிகம் தேவைப்படுகிறதோ அந்த நேரம் பார்த்துக் கதவைச் சாத்துகிறது. அமெரிக்காவில் இலவசப் பழுது நீக்கத்துக்கான காலத்தை 2015-இல் பத்து வருடத்திலிருந்து பதினைந்தாக உயர்த்தினார்கள். நம் நாட்டில் வண்டி கைமாறிக் கைமாறி அதைவிட நீண்ட காலம் ஓடும். வரம்பையே எடுத்துவிடுங்கள். அது முடியாதென்றால் பதிவு உயிரோடு இருக்கும்வரை என்று வையுங்கள்.

சர்வீஸ் சென்டரில் எங்களுக்குச் சொன்ன பதில் இந்த விதிப்படிகூடச் சரியில்லை என்று நினைக்கிறேன். அறிவிப்பு வந்தபோது எங்கள் வண்டிக்கு வயது ரெண்டுதான். ஒருமுறை அறிவித்த பழுது, வாரண்டி மாதிரி காலாவதி ஆகக்கூடாது. அந்த வண்டியில் வேலை முடியும்வரை அது கம்பெனியின் கடன். இதை ஒரு சுற்றறிக்கையில் தெளிவாக எழுதி எல்லாக் கம்பெனிகளுக்கும் அனுப்புங்கள். கவுன்ட்டரில் இருக்கும் பையன்மீது எனக்குக் கோபமில்லை. அவனிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்தது கடிதம் போய்ச்சேரும் விஷயம். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. போன வருடம் திருச்சி சாலையில் டிரைவர் அண்ணன் சீட் பெல்ட் போடவில்லை. இ-செலான் என் போனுக்கே வந்தது, படத்தோடு. வண்டி இப்போது யார் பேரில் இருக்கிறது, அவர் நம்பர் என்ன என்று அரசின் வாகன் பதிவேட்டுக்குத் தெரிகிறது. அபராதம் வந்த அதே வழியில் "உங்கள் வண்டியின் பிரேக்கில் குறை இருக்கிறது, இலவசமாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்றும் ஒரு செய்தி வரலாமே? ஜெர்மனியில் ரீகாலுக்கு வண்டி உரிமையாளர்களின் இப்போதைய முகவரியை அரசின் வாகனப் பதிவேட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். இங்கே எங்கள் வண்டிக்குக் கம்பெனி தன் பழைய விற்பனை ரசீதைப் பார்த்துக் கடிதம் போட்டிருக்கிறது. பழைய வண்டிகள் பெரிய ஊரில் முதல் கை, சின்ன ஊரில் ரெண்டாம் கை, மூன்றாம் கை என்றுதான் எங்களிடம் வந்து சேர்கின்றன. ரசீதில் எங்கள் பேர் எப்படி இருக்கும்?

2018-இல் பேர் மாற்றும்போது படிவம் 29, படிவம் 30, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று என்று எல்லாம் கொடுத்தோம். அன்றைக்கே திரையில் ஒரு வரி சிவப்பாகத் தெரிந்திருந்தால் போதும். விற்பவரிடமே "இதை முடித்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். வருடா வருடம் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போதும் அந்த வரி தெரியட்டும். உங்கள் எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் இன்ஷூரன்ஸ் என்றைக்கு முடிகிறது, புகைச் சான்று என்றைக்கு முடிகிறது என்று காட்டுகிறது. அதன் கீழேயே பாக்கி ரீகால் உண்டா இல்லையா என்று காட்டுங்கள். ஜப்பானில் 2018 மே முதல், ஆபத்தான தகாட்டா ஏர்பேக்கை மாற்றாத வண்டிகளுக்குத் தகுதிச் சோதனையில் சான்று தருவதில்லை. அந்த அளவுக்குக் கடுமையாக நான் கேட்கவில்லை. பாகமே கைக்கு வராதபோது ஏழைப்பட்டவர் வண்டியை நிறுத்திவைப்பது நியாயமில்லை. தெரியப்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தமிழில் தெரியப்படுத்துங்கள். "ரீகால்" என்றால் எங்கள் தெருவில் பலருக்கும் புரியாது. செய்தித்தாள்களில் "வாகனங்களைத் திரும்பப் பெறுகிறது" என்று போடுகிறார்கள். நான் அப்படிச் சொன்னதும் ஆத்தா கேட்ட முதல் கேள்வி, "வண்டியத் தூக்கிட்டுப் போயிருவாகளா?" அந்தச் சொல்லே பயமுறுத்துகிறது. வயதானவர்கள் அப்படி ஒரு கடிதம் வந்தாலும் மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். "பாதுகாப்புக் குறை, இலவசப் பழுது நீக்கம்" என்று எழுதுங்கள். எந்தப் பாகம், மாற்றாவிட்டால் என்ன ஆகும், வேலை முடிய எவ்வளவு நேரம், அதுவரை வண்டியை ஓட்டலாமா என்பதை நாலு வரியில் சொன்னால் போதும்.

கம்பெனிகளிடம் ஒரு எண் கேட்டு வாங்குங்கள். 2023 ஜூலையில் ஸ்டியரிங் டை ராட் குறைக்காக எஸ்-பிரஸ்ஸோ, ஈகோ வண்டிகள் 87,599-ஐ மாருதி சுஸுகி திரும்ப அழைத்தது செய்தியாக வந்தது. தானே முன்வந்து சொன்னது நல்ல காரியம். எந்தக் கம்பெனி அழைத்தாலும் அப்படி அழைத்ததில் எத்தனை வண்டியில் வேலை முடிந்தது, எத்தனை பாக்கி என்பதை வருடத்துக்கு ஒருமுறை உங்கள் தளத்தில் போடுங்கள்.

கடையை மூடிவிட்டுப் போன கம்பெனி வண்டிகளுக்கும் ஒரு வழி வேண்டும். 2017 முடிவோடு ஷெவர்லே இங்கே விற்பனையை நிறுத்தியது. 2021-இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஷெவர்லேயின் டவேரா வண்டி இன்னும் எங்கள் பக்கத்தில் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. அந்த மாதிரி வண்டியில் நாளைக்கு ஒரு குறை தெரிந்தால் யாரிடம் போவது, செலவை யார் ஏற்பது? கம்பெனி வெளியேறும்போதே அதற்கென்று ஒரு தொகையைக் கட்டிவிட்டுப் போகச் சொல்லும் விதி வேண்டும்.

எங்கள் வண்டி சரியான வாரமே தெருவில் இருக்கும் மற்ற வண்டிகளின் சேஸிஸ் நம்பரையும் வாங்கித் தம்பி மகனுக்கு அனுப்பினேன். ஆர்.சி. கிடைக்காத வீட்டில் டிரைவர் அண்ணனே குனிந்து பார்த்து, தகட்டில் இருந்த பதினேழு எழுத்தையும் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அதில் ஒரு வண்டிக்குப் பாக்கி இருந்தது. சாவியைக் காரியஸ்தரிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர்கள் மலேசியாவில் இருக்கிறார்கள். விசேஷ நாளில் எடுத்து ஓட்டுவார்கள். அவர்களுக்கு நான் போன் செய்து சொல்லிவிட்டேன். அடுத்த தெரு வண்டிகளின் நம்பர் என்னிடம் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டத்திலிருந்து,
2014 மாடல் வேன் ஒன்றின் இரண்டாவது உரிமையாளர்