பொய்க்கால் உரிமை

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு, "அப்புறம் எழுதுகிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். மனித உரிமை பிறப்போடு வருவதா, சட்டம் எழுதித் தருவதா என்பதுதானே உன் கட்டுரை? கோர்ட்டில் முப்பது வருஷம் கட்டுத் தூக்கிய குமாஸ்தாவைக் கேட்டால், "ஏட்டில் இருந்தால் உண்டு" என்றுதான் முதலில் வாயில் வரும்.

ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தம் கட்சியும் அதுதான். 1789-இன் பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தைப் படித்தவர், பறிக்கவே முடியாத இயற்கை உரிமை என்பது பொய்க்கால் கட்டிய உளறல் என்றார். தஞ்சாவூர்க்காரனுக்கு இந்தக் கேலி உடனே புரியும். குதிரை ஆடும்; கால் குதிரையுடையது அல்ல.

சரி, ஏட்டில் உள்ளதையே நிறுத்தி வைத்தால்? 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவைக் காட்டி யாரும் கோர்ட் ஏறக்கூடாது என்று குடியரசுத் தலைவர் ஆணையிட்டார். விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கும் மிசா சட்டத்தில் பிடிபட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை (அடைத்தது சட்டப்படிதானா என்று கோர்ட்டைப் பார்க்கச் சொல்லும் மனுக்களை) விசாரிக்கலாம் என்று பல உயர் நீதிமன்றங்கள் சொன்னதால், ஜபல்பூர் வழக்காக அது உச்ச நீதிமன்றம் போனது. ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றால் என்ன வழி என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை வழியில்லை என்றார் அரசுத் தரப்பின் நிரேன் டே. 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார்.

அவர் எழுதியதை நிதானமாகப் படி. வானத்திலிருந்து எதையும் இறக்கவில்லை மனுஷர். சட்ட அதிகாரம் இல்லாமல் ஒருவரின் உயிரில் அரசு கைவைக்க முடியாது என்பது அரசியல் சாசனத்துக்கு முன்பே இங்கே இருந்த விதி, 21-ஆவது பிரிவு மட்டுமே அதன் வீடு அல்ல என்றார். உரிமை பிறப்போடு வருவது என்னும் இயற்கைச் சட்டக்காரர் என்று அவரை ஒரு பக்கம் தள்ளிவிடாதே. ஏட்டுக்காரர்களை அவர்கள் வழியிலேயே மடக்கியவர் அவர். அதற்கு விலையும் கொடுத்தார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி பணியில் இளையவரான எம்.எச்.பெக்கைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்துவிட்டார்.

ஆனால் அந்த மறுப்பால் அன்று ஒருவரும் சிறையிலிருந்து வெளியே வரவில்லை. 1978-இல் 44-ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 21-ஐ முடக்க முடியாது என்று எழுதி வைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பார், மறுபடியும் குமாஸ்தா புத்தி!

இன்னொன்று. அந்த நான்கு பேரில் ஒருவர் ஒய்.வி.சந்திரசூட். 2017-இல் அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் அந்த ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று எழுதியவர் அவருடைய மகன், நீதிபதி டி.ஒய்.சந்திரசூட். உயிரும் சுதந்திரமும் அரசு போட்ட பிச்சை அல்ல என்பது அதன் சாரம்.

கட்டுரையை முடித்ததும் எனக்கும் அனுப்பு. அப்பா கட்சிக்கு எதிராக எழுதியிருந்தாலும் சரி.

அன்புடன்,
அப்பா