விலையில் மட்டும் மோதாதே, தம்பி

அன்புள்ள செந்திலுக்கு, அப்பா எழுதுவது.

ஆம்பூரில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. போனில் "எல்லாம் ஓடுதுப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆபீஸ் ஷூ விலையை மறுபடியும் குறைத்திருக்கிறாய் என்று சித்தப்பா காட்டினார். குறைக்காதே தம்பி. பெரிய கம்பெனிக்காரன் தோலும் சோலும் லோடு கணக்கில் வாங்குகிறான், ஆறு மாதம் நஷ்டத்துக்கு விற்றாலும் தாங்குவான். நீ வாரச் சம்பளம் கொடுக்கிறவன்.

கடலூர் ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு ஷாம்பு தொழில் தொடங்கியவர். எந்தக் கம்பெனி சாஷேயாக இருந்தாலும் சரி, காலியாக ஐந்து கொண்டுவந்தால் தன் சிக் ஷாம்பு சாஷே ஒன்று இலவசம் என்றார். அடுத்தவனுக்கு வாடிக்கையாக இருந்தவர்கள் தானாக அவர் பக்கம் வந்தார்கள். பணம் குறைவாக இருக்கிறவன் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

பத்தாவது படிக்கும்போதே தாத்தாவின் வீங்கிய காலை அட்டையில் வரைந்து செருப்பு தைத்தவன் நீ. உள்ளே கைவிட்டுப் பார்த்தேன், ஒரு தையல்கூட உறுத்தவில்லை. மேஸ்திரியிடம் காட்டிக்கொண்டே இருந்தேன். நம்ம வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட், கால் மரத்துப்போன தொழுநோயாளிகளுக்குப் புண் வராத செருப்புக்காக வருஷக்கணக்கில் பாடுபட்டார். அந்தச் செருப்புக்குப் போடுகிற மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் பற்றிக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் கேட்டால் சொல்வார்கள். இன்றைக்குக் கால் மரத்துப்போன சர்க்கரைக்காரர்களுக்கும் அப்படிச் செருப்பு வேண்டும். வலது கால் ஒரு அளவு, இடது கால் ஒரு அளவு, விரல் அழுந்தாமல் முன்பக்கம் அகலம். ஒரே ஒரு ஜோடிக்காகப் பெரிய ஃபேக்டரியில் லைனை மாற்ற மாட்டார்கள். நீ மாற்றலாம். முதலில் கால் பார்க்கிற டாக்டர் ஒருவரைப் போய்ப் பார், அவர் சொல்கிறபடி செய்.

ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி வந்தபோது மருமகள் கையில் கண்ணாடி வளையல் மட்டும்தான் இருந்தது. அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், விலையைக் குறைக்காதே.

அப்புறம், சிறு தொழிலுக்கான அரசாங்க உத்யம் பதிவு செய்துவிட்டாயா? சரக்கு எடுத்தவன் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 சிறு தொழில் சட்டத்திலேயே இருக்கிறது. கெஞ்சாதே, எழுத்தில் கேள்.

மாமா வீட்டுச் சீட்டு கார்த்திகையில் முடிகிறது. அந்தப் பணம் உனக்குத்தான், அம்மாவும் சரி என்றுவிட்டாள். முதலில் வளையலை மீட்டுவிடு. மீதியில் ரப்பரும் அளவுக்கட்டையும் வாங்கு. ஆபீஸ் ஷூ விலையைக் குறைக்க அதில் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

அப்பா